"இப்ப வராதேங்கோ" என்று சொன்ன நிலாவெளி டைவிங் கடை

திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக் கடற்கரையில் இருக்கும் ஒரு சின்ன டைவிங் கடையைப் பற்றிய விமர்சனம் இது. கடையின் பெயரைப் போடவில்லை. 2022ல் பெட்ரோல் கிடைக்காத நாட்களில் அவர்கள் படகு எப்போது ஓடியது, எப்போது நின்றது என்பதையெல்லாம் எழுதுவேன் என்று சொன்னபோது, எழுதுங்கோ, பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள். பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நான் சொல்ல வந்தது எந்தக் கரையில் இருக்கிற கடைக்கும் பொருந்தும். நாட்டில் குழப்பம் நடக்கும்போது "இப்போது வராதீர்கள்" என்று வாடிக்கையாளரிடம் சொல்லத் துணிகிற கடை எதுவோ, அதை நம்பித்தான் தண்ணீருக்குள் இறங்க வேண்டும்.

இப்போது எழுதக் காரணம், என்னோடு புதுச்சேரியில் டைவிங் கற்றுக்கொண்ட தோழி. வெளிநாட்டுக் கடல் ஒன்றுக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். போட்ட கையோடு அந்த நாட்டுத் தலைநகரில் போராட்டம், ஊரடங்கு என்று செய்தி. "நீதான் இலங்கைக் கலவரத்துலயே போனவளாச்சே, போகலாமா சொல்லு" என்று கேட்டாள். கலவரத்தில் நான் போகவில்லை. ஜூலையில் போக இருந்த பயணத்தைத் தள்ளிவைத்து, செப்டம்பரில் போனேன். தள்ளிவைக்கலாம் என்று எதைப் பார்த்து முடிவு செய்தேன் என்பதை அவளுக்குச் சொன்னபோது, எழுதிவைத்தால் இன்னும் நாலு பேருக்கு உதவுமே என்றாள்.

நான் காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் மயக்கவியல் டெக்னீஷியன். நோயாளிக்குப் போகிற ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு மிச்சம் இருக்கிறது, கரண்ட் போனால் அடுத்தது என்ன என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் என் வேலை. டைவிங் கடையையும் நான் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பேன்.

செட்டிநாட்டுக்காரர்களுக்குத் திருகோணமலை தூரமே இல்லை. காரைக்குடியிலிருந்து திருச்சி விமான நிலையம் ரெண்டு மணி நேரத்துக்குள். அங்கே ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. அந்தமானுக்குப் போவதென்றால் சென்னைக்குப் போவதற்கே ஒரு ராத்திரி வேண்டும். நம் பக்கத்துக் கடலான தொண்டியில் ஆழமும் இல்லை, தண்ணீரும் எப்போதும் கலங்கல். நமக்கு ஆனி ஆடிக் காற்று அடிக்கிற காலத்தில் இலங்கையின் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். மே முதல் செப்டம்பர் வரைதான் அங்கே சீசன். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் கடல் பொங்கிவிடும். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பிக்கு ஜூலை நடுவில் விடுப்பு. ரெண்டு பேரும் போவதென்று பிப்ரவரியிலேயே பேசி, கடைக்கு முன்பணமும் அனுப்பியிருந்தோம்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். மார்ச் 31 இரவு மிரிஹானவில் ஜனாதிபதி வீட்டுக்கு முன்னால் மக்கள் திரண்டார்கள். ஏப்ரல் 12ல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசே அறிவித்தது. மே 9ல் கொழும்புக் காலிமுகத்திடலில் போராட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களை அரசு ஆதரவாளர்கள் அடித்தார்கள், அன்றே பிரதமர் பதவி விலகினார். வருஷத் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டாலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது.

இந்த இடத்தில் பயணம் போகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு: போராட்டம் தலைநகரில், நான் போவது கடற்கரைக்கு, நடுவில் 270 கிலோமீட்டர் இருக்கிறது. சில நாடுகளில் இது சரிதான். 2018 பிப்ரவரியில் மாலத்தீவில் அவசரநிலை போட்டார்கள். அவசியமில்லாமல் மாலேக்குப் போகாதீர்கள் என்று இந்திய அரசும் சொன்னது. ஆனால் ரிசார்ட் தீவுகளில் டைவிங் நிற்கவில்லை. அங்கே சிக்கல் நீதிமன்றத்துக்கும் ஜனாதிபதிக்கும் நடுவில். எண்ணெய்க்கோ மின்சாரத்துக்கோ குறைவு வரவில்லை. 2008 நவம்பர் கடைசியில் பாங்காக்கில் நடந்தது வேறு மாதிரி. போராட்டக்காரர்கள் சுவர்ணபூமி விமான நிலையத்தையே பிடித்து ஒரு வாரத்துக்கு மேல் மூடிவைத்தார்கள். தெற்கே தீவுகளில் கடல் நன்றாகத்தான் இருந்திருக்கும், ஊருக்குத் திரும்பத்தான் வழியில்லை.

இலங்கை இந்த ரெண்டிலும் சேராது. அங்கே போராட்டம் எதனால் வந்ததோ அதுவே டைவிங்கையும் தொட்டது. பெட்ரோல் இல்லை, டீசல் இல்லை, மின்சாரம் இல்லை, இறக்குமதிக்கு டாலர் இல்லை. ஆகவே தெருவில் கூட்டம் எத்தனை பேர் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, படகு முதல் ஆக்சிஜன் வரை ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டேன்.

ஜூன் 27ல் அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்குத் தவிர யாருக்கும் எரிபொருள் கிடையாது. அன்று இரவே கடைக்கு வாட்ஸப்பில் கேள்விகளை அனுப்பினேன். அதே கேள்விகளை நிலாவெளிப் பக்கத்தில் இன்னொரு கடைக்கும் அனுப்பினேன், ஒப்பிட்டுப் பார்க்க.

இரண்டாவது கடை பத்து நிமிஷத்தில் பதில் போட்டது: எல்லாம் வழமைபோல, பிரச்சினையே இல்லை, தாராளமாக வாருங்கள், முன்பணம் அனுப்புங்கள். நான் கேட்டிருந்த கேள்வி ஒன்றுக்கும் பதில் இல்லை.

நம் கடை மறுநாள் மத்தியானம் வரை பதில் போடவில்லை. பிறகு கடைக்காரத் தம்பி குரல்பதிவாகவே அனுப்பினார், ஏழெட்டு நிமிஷம் வரும். "அக்கா, நீங்கள் கேட்ட எல்லாத்துக்கும் ஒவ்வொண்டா பாத்துப்போட்டுத்தான் சொல்லுறன். இப்ப வராதேங்கோ. ஓகஸ்ட் கடைசியில திரும்பக் கதைப்பம்" என்று ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அவர் சொன்னவை பொன்னான விஷயங்கள். அவர் சொன்னதையும் நான் ஏன் அதைக் கேட்டேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் கேள்வி படகு. அங்கே டைவிங்குக்குப் போகிற படகும் மீன்பிடிக்கப் போகிற படகும் ஒரே மாதிரிக் கண்ணாடியிழைப் படகுதான், வெளியே மாட்டிய எஞ்சின். "போட்டுக்கு எண்ணெய் எடுக்கலாம், கள்ளமா எடுக்கலாம். ஆனா தொழிலுக்குப் போற ஆக்கள் கரையில படகைக் கவுத்துப்போட்டு இருக்கேக்க நாங்கள் வெளிநாட்டு ஆக்களை ஏத்திக்கொண்டு போறது சரியில்லை" என்றார். இதைக் கேட்டதும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. சீசனில் நாலைந்து மாசம் சம்பாதித்து வருஷம் முழுக்கச் சாப்பிடுகிற கடை அது.

ரெண்டாவது கம்ப்ரசர். டைவிங் சிலிண்டரில் காற்றடைக்கும் இயந்திரம். 12 லிட்டர் சிலிண்டரை 200 பார் அழுத்தத்துக்கு நிரப்ப 2,400 லிட்டர் காற்று வேண்டும். நிமிஷத்துக்கு 100 லிட்டர் தரும் சின்ன கம்ப்ரசர் என்றால் ஒரு சிலிண்டருக்கே அரை மணி நேரம் பக்கம் ஆகும். மின்வெட்டில் இது நடக்காது. பெட்ரோல் எஞ்சினில் ஓட்டினால் வேறு ஆபத்து: காற்றை உறிஞ்சும் குழாய் புகைபோக்கிக்குப் பக்கத்தில் இருந்தாலோ, காற்றடிக்கும் திசை மாறினாலோ, கார்பன் மோனாக்சைடு சிலிண்டருக்குள் போய்விடும். வாசமே இல்லாத வாயு அது. மேலே ஆளை ஒன்றும் செய்யாத அளவு, 20 மீட்டர் ஆழத்தில் மூன்று மடங்கு அழுத்தத்தில் ஆளை மயக்கிவிடும். ஆபரேஷன் தியேட்டரில் வாயு கலப்பைப் பார்க்கிறவளுக்கு இது விளையாட்டில்லை.

இதைவிட முக்கியமானது வடிகட்டி. கம்ப்ரசருக்குள் ஈரத்தையும் எண்ணெயையும் பிடிக்கும் வடிகட்டிக்கு ஆயுள் மணிக்கணக்கில். அது முடிந்தால் மாற்ற வேண்டும். வருவது வெளிநாட்டிலிருந்து. டாலர் இல்லாத நாட்டில் வடிகட்டி வராது, வராதபோது பழையதையே ஓட்டுவார்கள். "கடைசியாக எப்போது மாற்றினீர்கள், குறிப்பேட்டைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா" என்று கேட்டேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, மிச்சம் ஒன்றுதான் கையில் இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்று அவரே எழுதினார். மறைக்க நினைத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே வழியில்லை.

மூன்றாவது ஆக்சிஜன். டைவிங் முடித்து வந்தவருக்கு மூட்டுவலி, மரமரப்பு, தலைசுற்றல் என்றால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி கட்டியிருக்கலாம். முதல் உதவி, முகமூடி வைத்து முழு ஆக்சிஜன், நிமிஷத்துக்கு 15 லிட்டர். நம் ஊர் மருத்துவமனைகளில் "பி டைப்" என்று சொல்லும் சின்ன சிலிண்டரில் 1,500 லிட்டர் இருக்கும். கணக்குப் போட்டால் நூறு நிமிஷம். டைவ் செய்யப் போகிற புறாத்தீவிலிருந்து கரைக்கு வர கால் மணி நேரம்கூட ஆகாது, நிலாவெளியிலிருந்து திருகோணமலை டவுன் 15 கிலோமீட்டர். சாதாரண நாளில் நூறு நிமிஷம் தாராளம். வண்டிக்கு எண்ணெய் தேடி அலைய வேண்டிய நாளில் அது போதாது. இலவச ஆம்புலன்ஸ் அங்கே 1990 என்ற எண்ணில் உண்டு, சுவசெரிய என்று பெயர், இந்திய நிதியுதவியில் 2016ல் தொடங்கியது. எண்ணெய் முன்னுரிமையும் அதற்கு இருந்தது. ஆனால் அந்தத் தம்பி சொன்னது: "வரும், ஆனா எப்ப வரும் எண்டு இப்ப என்னால சத்தியம் பண்ண ஏலாது." அந்தக் குமிழியைக் கரைக்கும் அழுத்த அறை, டைவிங்காரர்கள் சேம்பர் என்பார்கள், திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் இருக்கிறது. ஒரு தடவை சிகிச்சைக்கே ஐந்து மணி நேரம் பக்கம் ஆகும். கடற்படைக்குச் சொந்த ஜெனரேட்டர் இருப்பதால் அதைப் பற்றிக் கவலை இல்லை, அதுவரை போய்ச் சேருவதுதான் கவலை என்றார்.

ஆஸ்பத்திரிகளின் நிலையையும் நான் தனியாகப் படித்துக்கொண்டிருந்தேன். மார்ச் கடைசியிலேயே பேராதனைப் போதனா மருத்துவமனையில் மருந்துத் தட்டுப்பாட்டால் தேதி குறித்திருந்த அறுவைச் சிகிச்சைகளை நிறுத்திவிட்டார்கள். தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசியும் 500 டன் பால்பவுடரும் 137 வகை மருந்தும் அனுப்புவதாக அறிவித்து, மே மாதம் சென்னையிலிருந்து முதல் கப்பலும் போயிருந்தது. தியேட்டரை மூடுகிற நிலையில் இருக்கிற நாட்டுக்கு, விளையாட்டாகப் போய் அடிபட்டு ஒரு கட்டிலை நான் பிடித்துக்கொள்வதா? எனக்கு அந்தக் கேள்வி ஒன்றே போதுமானதாக இருந்தது.

இன்னொரு விஷயம், டைவிங் செய்கிறவர்களுக்கு மட்டுமே உள்ளது, பலர் யோசிப்பதில்லை. பதற்றமான ஊரிலிருந்து சட்டென்று கிளம்ப வேண்டிவந்தால் மற்றவர்கள் அடுத்த விமானத்தைப் பிடிக்கலாம். நாம் பிடிக்க முடியாது. ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்க வேண்டும். மலைப்பாதைக்கும் இதே எச்சரிக்கை வேண்டும், உயரம் ஏறுவதும் பறப்பது மாதிரிதான். திருகோணமலையிலிருந்து ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கொழும்பு வருகிற பாதை தாழ்வான பாதை, பயமில்லை. எங்காவது மறியல் என்று ஓட்டுநர் கண்டி வழியாகச் சுற்றினால் 500 மீட்டர் உயரம். நுவரெலியா பக்கம் போனால் 1,800ஐத் தாண்டும். இதை எந்த டாக்சி ஓட்டுநரிடமும் எதிர்பார்க்க முடியாது, நாமே பாதையைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

காப்பீட்டையும் அப்போதுதான் வரி வரியாகப் படித்தேன். நம் ஊரில் விற்கும் பயணக் காப்பீடுகள் பலவற்றில் சாகச விளையாட்டுக்குத் தனியாகப் பணம் கட்டினால்தான் டைவிங் சேரும். உள்நாட்டுக் கலகம், போர் என்றால் விலக்கு. அரசாங்கம் போகாதே என்று சொன்ன பிறகு போனால் என்ன ஆகும் என்று ஒரு வரி இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள். ஜூலை முதல் வாரத்தில் பிரிட்டன் தன் மக்களிடம் அவசியமில்லாமல் இலங்கைக்குப் போகாதீர்கள் என்றது, ஆகஸ்டில்தான் தளர்த்தியது. ஐரோப்பியர்கள் சிலருக்குக் காப்பீடு செல்லாது என்பதாலேயே அந்த ஜூலையில் பயணம் நின்றுபோனது. டைவிங்குக்கென்றே தனிக் காப்பீடு தரும் டான் மாதிரி அமைப்புகளில் சேர்ந்தால் இரவு பகலாக மருத்துவ ஆலோசனைக்கு ஒரு தொலைபேசி எண் கிடைக்கும். என் கணக்கில் பணத்தைவிட அந்த எண்தான் பெரிது.

வீட்டிலும் ஒரு தடை இருந்தது. என் அப்பத்தாவுக்கு இலங்கை என்றாலே கலவரம்தான். தாத்தா கொழும்புச் செட்டியார் தெருவில் நகரத்தார் கிட்டங்கி ஒன்றில் சமையல் வேலையில் இருந்தவர். 1958 கலவரத்துக்குப் பிறகு துணிமணி மூட்டையோடு திரும்பி வந்தார், மறுபடி போகவில்லை. "ஏத்தா, அங்க நம்ம ஆளுகளைத்தானே அடிப்பாங்க" என்று அப்பத்தா கேட்டபோது என்னால் லேசாகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்தத் தடவை சனங்கள் எல்லாரும் சேர்ந்து அரசாங்கத்தைக் கேட்கிறார்கள், சிங்களவர் தமிழர் முஸ்லிம் என்று பிரிந்து அடித்துக்கொள்ளவில்லை, இதுவரை அப்படி எதுவும் இல்லை என்று உள்ளதைச் சொன்னேன். அப்பத்தாவின் பயம் செய்தி பார்த்து வந்ததில்லை, வாழ்ந்து வந்தது. அதையும் கணக்கில் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். "எப்போ நிலைமை மாறினாலும் திரும்பிடுவேன்" என்று வாக்குக் கொடுத்துத்தான் பின்னால் கிளம்பினேன்.

ஜூலை 9ல் ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் நுழைந்த காட்சியை ட்யூட்டி அறை டிவியில் பார்த்தோம். 13ந்தேதி ஜனாதிபதி மாலத்தீவுக்குப் போனார், அங்கிருந்து சிங்கப்பூர், மறுநாள் பதவி விலகினார். எங்கள் டிக்கெட் அந்த வாரத்துக்குத்தான் இருந்தது. கடைக்காரத் தம்பி சொன்னபடி முன்கூட்டியே தேதியை மாற்றியிருந்தோம். முன்பணத்தை வைத்து இழுத்தடிக்கவில்லை அவர்கள்: திருப்பி வேண்டுமா, அடுத்த தேதிக்கு வைத்துக்கொள்ளவா என்று கேட்டார்கள். வைத்துக்கொள்ளச் சொன்னோம். டாலர் கைக்கு வந்துவிட்ட நேரத்தில், அதுவும் அந்த மாதத்தில், திருப்பித் தருகிறேன் என்று சொல்வதற்குப் பெரிய மனசு வேண்டும்.

ஆகஸ்ட் கடைசியில் அவரே கூப்பிட்டார். கியூஆர் முறையில் எரிபொருள் பங்கீடு வந்துவிட்டது, வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லிட்டர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. குறைச்சல்தான், ஆனால் நிச்சயம். வரிசையில் ராத்திரி முழுக்க நிற்பது போய்விட்டது. மின்வெட்டு நேரம் முன்கூட்டியே தெரிகிறது. வடிகட்டி வந்துவிட்டது. "இப்ப வரலாம். வந்தா எங்களுக்கும் உதவி" என்றார். ஜூனில் வராதே என்றவர் சொன்ன "வரலாம்" என்பதால் அதை நம்பினேன். இரண்டாவது கடையும் வா என்றுதான் சொன்னது, அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, அவர்கள் எப்போதும் அதையேதான் சொல்வார்கள்.

செப்டம்பரில் போனோம். கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு இரவு ரயில், காரைவிட அதுதான் நல்லது என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். விடியற்காலை ஸ்டேஷனுக்கு முச்சக்கர வண்டி அனுப்பியிருந்தார்கள். அந்த ஓட்டுநருக்கு வாரத்துக்கு 5 லிட்டர்தான் என்பது தெரிந்ததால், நாங்கள் இருந்த நாட்களில் அவரை வேறு எங்கும் அலையவிடவில்லை. டவுனுக்குப் பஸ்ஸில் போனோம்.

கடை சின்னது. தகரக் கூரை, ஒரு பக்கம் சிலிண்டர் வரிசை, சுவரில் உள்ளூர்க் கடலின் வரைபடம். கம்ப்ரசர் கொட்டகை தனியாக, உறிஞ்சும் குழாயைக் கூரைக்கு மேலே தூக்கிக் காற்று வரும் பக்கம் வைத்திருந்தார்கள். சிலிண்டரைத் திறந்து கொஞ்சம் காற்றை விட்டு முகர்ந்து பார்த்தேன், எண்ணெய் வாசம் துளியும் இல்லை. ஆக்சிஜன் பெட்டியை நானே திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டபோது, அங்கே வேலை செய்யும் பையன் படகு வரை தூக்கிவந்து முகமூடியை மாட்டிக் காட்டினான். மீட்டர் முழுசாக நின்றது. பேச்சு, சிரிப்பு, தேநீர் எல்லாம் இருந்தாலும் இறங்குவதற்கு முன் சொல்லும் விளக்கத்தில் ஒரு வரியைக்கூடத் தாண்டிப் போக மாட்டார்கள். அன்று எண்ணெய் அளவு எவ்வளவு, அதனால் எவ்வளவு தூரம் போகிறோம், ஏன் அதற்கு மேல் போகவில்லை என்பதையும் அந்த விளக்கத்திலேயே சேர்த்துச் சொன்னார்கள். ஒரே பயணத்தில் ரெண்டு சிலிண்டர் எடுத்துக்கொண்டு போய், நடுவில் படகிலேயே ஓய்வெடுத்து, பக்கத்துப் பாறைகளில் மட்டும் இறங்கினோம். எண்ணெய் மிச்சம்.

நிலாவெளிக்கு எதிரே ஒரு கிலோமீட்டர் தள்ளி இருப்பது புறாத்தீவு, 2003ல் தேசியப் பூங்காவாக்கினார்கள். தீவின் ஆழமில்லாத பகுதியில் கருமுனைச் சுறாக் குட்டிகள் முழங்கால் அளவுத் தண்ணீரிலேயே சுற்றும். கொஞ்சம் தள்ளி டைவ் செய்கிற பாறைகளில் கிளிமீன், களவா, கூட்டம் கூட்டமாகப் பாரை. ஓர் அழுங்காமை எங்களைக் கண்டுகொள்ளாமல் பாறை இடுக்கில் மேய்ந்துகொண்டே இருந்தது, என் தம்பி அதன் பக்கத்தில் அசையாமல் மிதந்தபடி நேரத்தை மறந்துவிட்டான். தண்ணீர் தெளிவு. சுற்றுலாக்காரர்கள் குறைவாக இருந்ததாலோ என்னவோ, மீனுக்கெல்லாம் பயமில்லை. ஆனால் தீவின் கரையோரத்தில் பவளம் நிறைய உடைந்து கிடக்கிறது, அதன்மேல் காலூன்றி நிற்கிறவர்களை அன்றும் பார்த்தேன். கடைக்காரர்கள் தங்கள் ஆட்களை ஒரு தடவைகூடப் பவளத்தில் நிற்க விடவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது திருகோணமலை டவுனில் இருக்கும் சுவாமி மலைக்குக் கீழே இறங்கியதுதான். திருக்கோணேச்சரம் நிற்கிற அந்தப் பாறையின் அடிவாரக் கடல். 1622ல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, கற்களைக் கோட்டை கட்ட எடுத்தது போக மிச்சம் கடலுக்குள் போயிற்று. 1956ல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் டைவ் செய்து அந்தக் கற்களைப் பார்த்தார்கள். கடலில் கிடைத்த லிங்கமும் பிறகு மேலே கோயிலுக்கு வந்து சேர்ந்தது. ராமேஸ்வரத்தில் நின்றபடியே ஞானசம்பந்தர் கோணமலையைப் பாடினார் என்று பெரியபுராணம் சொல்லும். கடலைத் தாண்டாமலே பாடப்பட்ட கோயிலின் தூண்களை, கடலுக்கு அடியில் கையெட்டும் தூரத்தில் பார்க்கக் கிடைத்தது. சதுரமாகச் செதுக்கிய தூண்கள், பாசியும் பவளமும் படர்ந்து, நடுவில் மீன். கடைக்காரத் தம்பி இறங்குவதற்கு முன்னால் சொன்னார்: "அக்கா, இங்க ஒண்டையும் தொடாதேங்கோ, இது கோயில்." நீரோட்டம் இழுக்கும் இடம், புதிதாகக் கற்றவர்களை அங்கே கூட்டிப் போவதில்லை. அதையும் அவர்கள் கறாராகத்தான் வைத்திருக்கிறார்கள். மட்டக்களப்புக்கு எதிரே 1942ல் ஜப்பானியர் மூழ்கடித்த எச்எம்எஸ் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அது நம்மைப் போன்றவர்களுக்கான ஆழமில்லை, தொழில்நுட்ப டைவிங் பயின்றவர்களுக்கு மட்டும்.

இந்தக் கடைக்கு நான் கொடுப்பது ஐந்துக்கு நாலரை. ஏன் முழு ஐந்து இல்லை? வாடகை உடுப்புகள் பழசு, என் அளவில் கிடைத்ததில் முழங்கை கிழிந்திருந்தது. ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் டைவ் கம்ப்யூட்டரை எல்லாருக்கும் கொடுப்பதில்லை, வழிநடத்துகிறவர் கையில் இருப்பதை வைத்தே ஓட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் ஒவ்வொருவர் கையிலும் ஒன்று இருக்கத்தான் வேண்டும், இறக்குமதி இல்லை என்பதை இதற்குக் காரணமாக நான் ஏற்க மாட்டேன். உள்ளவர்கள் தங்களுடையதைக் கொண்டுபோங்கள். குளிக்கத் தண்ணீர் மின்வெட்டு நேரத்தில் வாளியில்தான் கிடைத்தது.

ஒரு நாள் சாயங்காலம் கரையில் மீனவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தோம். ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியிருந்தது. மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட்டுகிறவர் அவர், கடலுக்குப் போவதா வேண்டாமா என்று தினமும் கணக்குப் பார்க்கிறேன் என்றார். வெளிநாட்டுக்காரர்கள் எண்ணெயைக் கரைக்கிறோமே, உங்களுக்குக் கோபமில்லையா என்று நேராகவே கேட்டேன். "ஆனி மாசம் வந்திருந்தா கோவம்தான். இப்ப வாங்கோ, மீன் வாங்குங்கோ" என்றார். 2018ல் 23 லட்சம் பேர் வந்த நாட்டுக்கு 2022ல் வந்தது 7 லட்சத்துச் சொச்சம் பேர். போகாமலே இருப்பதும் அவர்களுக்கு உதவி இல்லை. ஜூலையில் போயிருந்தால் அவர்களிடம் இல்லாததில் பங்கு கேட்டிருப்பேன், செப்டம்பரில் போனதால் அவர்களுக்கு வேண்டியது ஏதோ கொஞ்சம் கொண்டுபோனேன். ரெண்டு மாதத்தில் இவ்வளவு வித்தியாசம் இருந்தது, அதை அங்கேயே வாழ்கிறவர் சொன்னதால்தான் எனக்குத் தெரிந்தது.

தோழிக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். நீ போகிற கடைக்கு இன்றே எழுது. படகுக்கு எண்ணெய் எங்கிருந்து வருகிறது, கம்ப்ரசர் எதில் ஓடுகிறது, வடிகட்டி எப்போது மாற்றியது, படகில் ஆக்சிஜன் எத்தனை லிட்டர், சேம்பர் எங்கே, அங்கே போக இன்றைக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேள். "எல்லாம் நார்மல்" என்று பதில் வந்தால் டிக்கெட்டை மாற்று. ஒவ்வொன்றாகப் பதில் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்று சொன்னால், அவர்கள் சொல்கிற தேதிக்குப் போ. கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவில் ஒரு முழு நாளைச் சும்மா விட்டுவை.

நிலாவெளிக்குப் போகிறவர்கள் மே முதல் செப்டம்பருக்குள் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு டைவுக்கு 40 டாலர் பக்கம் வாங்கினார்கள், படகும் சிலிண்டரும் சேர்த்து. புறாத்தீவுக்கு வனஜீவராசிகள் திணைக்கள டிக்கெட் தனி. முகமூடிக்கு மாற்றுப் பட்டை, சிலிண்டருக்கு ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் ஒரு பொட்டலம் கையோடு எடுத்துப்போய்க் கடையில் கொடுத்தோம். வேறு எதைக் கொடுத்தாலும் அந்தச் சந்தோஷம் அவர்களுக்கு வந்திருக்காது.